147 மார்க்குக்கு அப்புறம் என்ன செய்வது?

கேள்வி:

நான் கரூர் பக்கம். வயது 27. சி.ஏ. ஃபைனலில் இரண்டாவது குரூப்பை முதல் அட்டெம்ப்டிலேயே முடித்துவிட்டேன். முதல் குரூப் இப்போது ஐந்தாவது தடவையாகப் போயிருக்கிறது. பாஸாக ஒவ்வொரு பேப்பரிலும் 40, மூன்றும் சேர்த்து 150 வேண்டும். இந்த முறை எஃப்.ஆர். (நிதி அறிக்கை) 41, ஏ.எஃப்.எம். (நிதி மேலாண்மை) 62, ஆடிட் 44, மொத்தம் 147. மூன்றே மார்க்கில் போச்சு. இதற்கு முந்தின முறை எஃப்.ஆரில் 58, மொத்தம் 151 வந்தும் ஆடிட்டில் 38 என்பதால் ஃபெயில். அதற்கு முன்னால் எழுதிய மூன்று தடவையும் ஆடிட்டில் 40, 36, 43. ஒவ்வொரு முறையும் ஹாலைவிட்டு வெளியே வரும்போது ஆடிட் 55க்குக் குறையாது என்றுதான் நினைக்கிறேன். சி.ஏ. இன்ஸ்டிடியூட் வெளியிடுகிற மாதிரி விடையான சஜஸ்டட் ஆன்சரோடு வைத்துப் பார்த்தாலும் நான் எழுதினது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இத்தனை பேர்தான் பாஸ் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் மார்க் போடுகிறார்கள் என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகிறது. மறுமதிப்பீடு கேட்க முடியுமா? கோர்ட்டுக்குப் போகலாமா? அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சில ராத்திரிகளில் நான் இல்லாமல் போனால் வீட்டுக்கு ஒரு பாரம் குறையுமே என்றுகூடத் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கிற வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நான் ஆடிட்டர், மனநல மருத்துவர் இல்லை, அதனால் அதற்கு என் வாயால் வைத்தியம் சொல்ல மாட்டேன். 14416 என்ற எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்த நினைப்பு இன்றைக்கும் வருகிறது என்றால் இதற்கு மேல் படிக்காமல் முதலில் அங்கே பேசுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் பாரம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், அவரிடம் கேட்டால் அவர் வேறு கணக்கு சொல்வார். பரீட்சை விஷயம் நாளைக்குக் காலையில் பேசினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, இப்போது ரிசல்ட்டுக்கு வருகிறேன். ரிசல்ட் மேல் சந்தேகப்படுவது தப்பே இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு தேதி இருக்கிறது: ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரு மாதம். அதில் பத்து நாள் போய்விட்டது. நண்பர்களோடு பேசிப் பேசி மீதி நாளும் போய்விட்டால் அப்புறம் எவ்வளவு வருத்தப்பட்டாலும் பயனில்லை, அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வெரிஃபிகேஷன். ஒரு பேப்பருக்கு 100 ரூபாய் கட்டணம். நீங்கள் எழுதிய எல்லா விடைகளும் திருத்தப்பட்டிருக்கிறதா, கூட்டல் சரியா, மார்க் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். "இந்த விடைக்கு மூன்று போட்டது குறைவு, நாலு போட்டிருக்க வேண்டும்" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை, 1988ஆம் ஆண்டு சி.ஏ. ஒழுங்குவிதிகளில் 39ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. திருத்தாமல் விட்ட விடையோ கூட்டல் பிழையோ நிஜமாகவே இருந்தால் மார்க்கும் மாறும், கட்டிய பணமும் திரும்பி வரும். ஆனால் இப்போது விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில்தான் திருத்துகிறார்கள், கூட்டலைக் கணினியே போட்டுக்கொள்கிறது, அதனால் அந்தக் காலம் மாதிரி கூட்டலில் ஐந்து மார்க் விட்டுப்போவதெல்லாம் ரொம்ப அபூர்வம். மூன்று மார்க்கில் போனவர் 100 ரூபாய்க்குக் கேட்டுப் பார்க்காமல் இருக்கக்கூடாது, கேளுங்கள். அதை நம்பி ராத்திரி தூங்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

இரண்டாவது வழிதான் உங்களுக்கு நிஜமாகவே உதவப்போவது. உங்கள் விடைத்தாளின் சான்றளிக்கப்பட்ட நகல். பேப்பருக்கு 500 ரூபாய். திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொன்னது. ஒரு காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம் இது. உங்கள் மாதிரி ஆட்கள் ஐந்து தடவை எழுதிவிட்டு ஒரு தடவைகூடத் தன் தாளைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பார்த்ததாக நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. "எழுதினது பெரும்பாலும் சரி" என்று சொல்வது நினைவை வைத்துத்தானே? இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்று மணி நேரத்தில் என்ன எழுதினோம் என்பதை மனசு நமக்குச் சாதகமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஆடிட், எஃப்.ஆர். இரண்டுக்கும் நகல் கேளுங்கள். ஏ.எஃப்.எம்.மில் 62 வாங்கிவிட்டீர்கள், அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

கோர்ட் பற்றிக் கேட்டீர்கள். போகலாமா என்றால் யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஜெயிக்குமா என்று கேட்டால், 2017இல் உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வரைந்த கோட்டைச் சொல்கிறேன். விதியில் மறுமதிப்பீட்டுக்கு இடம் இருந்தால் மட்டுமே தாராளமாகக் கேட்கலாம். விதி எதுவும் சொல்லாமல் இருந்தால், நீட்டி முழக்கி விளக்கத் தேவையில்லாமல் பார்த்தவுடனே தெரிகிற பெரிய தவறு இருக்கிற அபூர்வமான வழக்குகளில் மட்டும்தான் தலையிடலாம். இங்கே விதியே மறுமதிப்பீடு இல்லை என்கிறது, ஆக உங்கள் நிலை இன்னும் கஷ்டம். வக்கீல் ஃபீஸ், அலைச்சல், அதற்குள் இரண்டு அட்டெம்ப்ட் போய்விடும். நகல் வந்து அதில் முழுசாக ஒரு விடை திருத்தப்படாமல் கிடந்து, எழுதிக் கேட்டும் சரிசெய்யவில்லை என்றால் அப்போது வக்கீலைப் பாருங்கள். "நாலு மார்க் போட்டிருக்கலாம்" என்பதற்காகப் போகாதீர்கள்.

இன்னொன்று. இந்த மாதிரி நேரத்தில் "உள்ளே ஆள் இருக்கிறது, மார்க்கை ஏற்றித் தருகிறோம்" என்று டெலிகிராமில் ஆட்கள் வருவார்கள். மோசடி. பணமும் போகும், மாட்டினால் உறுப்பினர் ஆகும் வாய்ப்பும் போகும்.

அப்புறம் அந்த "முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள்" விஷயம். இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஒரு பேப்பரில் எல்லோருக்குமோ ஒரு பகுதியினருக்கோ மார்க்கை மாற்றியமைக்க இன்ஸ்டிடியூட்டின் நிர்வாகக் குழுவான கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, அதே 39ஆவது விதியில் இருக்கிறது. பேப்பர் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால், திருத்தியவர்களுக்குள் கறார், தாராளம் என்று வித்தியாசம் இருந்தால், சமன் செய்ய இது தேவைப்படுகிறது. திருத்துபவர்களுக்குக் கொடுத்த குறிப்புகளை வெளியிடத் தேவையில்லை என்றும் 2011 செப்டம்பரில் நம் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் திறந்து காட்டியிருந்தால் உங்கள் மாதிரி பிள்ளைகளுக்கு இத்தனை சந்தேகம் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆனால் கோட்டா வைத்துப் பாஸ் போடுகிறார்கள் என்றால் சதவீதம் ஓரளவாவது ஒரே மாதிரி இருக்க வேண்டுமே. ஃபைனல் முதல் குரூப்பில் 2023 நவம்பரில் பாஸ் ஆனவர்கள் 9.46 சதவீதம். 2024 மே மாதம், புதுப் பாடத்திட்டத்தில் முதல் பரீட்சை, 27.35 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 16.8. இப்படி ஏறி இறங்குவதை வைத்துப் பார்த்தால் கோட்டா என்ற பேச்சு நிற்கவில்லை. அதைவிட முக்கியமாக, மார்க் சமன் செய்வது எல்லோருக்குமோ ஒரு பகுதியினருக்கோ சேர்த்துத்தான் நடக்கும், உங்கள் தாளை மட்டும் தேடிப்பிடித்துக் குறைக்க முடியாது. திருத்துகிறவருக்கு உங்கள் பெயரோ நம்பரோ தெரியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். ஆடிட்: 40, 36, 43, 38, 44. ஐந்து பரீட்சை, ஐந்து கேள்வித்தாள், ஐந்து தடவையும் ஒரே ஆள் திருத்தியிருக்க வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி எட்டு மார்க் வித்தியாசத்துக்குள் நிற்கிறார்கள். தவறாகத் திருத்தியிருந்தால் ஒரு தடவை 30, ஒரு தடவை 52 என்று தாறுமாறாக வந்திருக்கும். ரிசல்ட் உங்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது நீங்கள் லாயக்கில்லை என்பது இல்லை. இரண்டாவது குரூப்பை ஒரே மூச்சில் முடித்தவர், ஏ.எஃப்.எம்.மில் 62 வாங்கியவர் லாயக்கில்லாதவராக இருக்க முடியாது. அது சொல்வது, ஆடிட் விடையை நீங்கள் எழுதுகிற விதத்தில் ஏதோ ஒன்று ஐந்து தடவையும் அப்படியே இருக்கிறது என்பதுதான்.

அது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், நகல் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆர்ட்டிகிள் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய தாள்களில் நான் அதிகம் பார்த்தது இது. கேள்வி எஸ்.ஏ. 570 என்ற தணிக்கைத் தரநிலை, அதாவது நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பது பற்றி. ஒரு கம்பெனி, கடன் கட்ட முடியவில்லை, முக்கிய வாடிக்கையாளர் போய்விட்டார், நிர்வாகம் அதைக் குறிப்புகளில் ஒற்றை வரியில் சொல்லி விட்டுவிட்டது, ஆடிட்டர் எப்படி ரிப்போர்ட் செய்ய வேண்டும்? பிள்ளை முதல் அரைப் பக்கம் கோயிங் கன்சர்ன் என்றால் என்ன என்று எழுதியிருக்கும். அடுத்து நிதி சார்ந்த அறிகுறிகள், செயல்பாடு சார்ந்த அறிகுறிகள் என்று மனப்பாடம் செய்த பட்டியல் அப்படியே வந்திருக்கும். ஒரு வரியும் தப்பில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் கடன், போன வாடிக்கையாளர், அந்த ஒற்றை வரிக் குறிப்பு எதுவும் விடையில் இருக்காது. கடைசியில் "ஆடிட்டர் தகுந்தபடி ரிப்போர்ட் செய்ய வேண்டும்" என்று முடிந்திருக்கும்.

கேட்டதே அந்தத் "தகுந்தபடி" என்னவென்றுதான்! வெளிப்படுத்தியது போதுமானதாக இருந்தால் கருத்தை மாற்ற வேண்டியதில்லை, தனித் தலைப்பில் ஒரு பகுதி சேர்த்தால் போதும். இங்கே போதவில்லை, அதனால் குறை சுட்டிய (குவாலிஃபைட்) அல்லது எதிர்மறையான (அட்வர்ஸ்) கருத்து. இந்த இரண்டு வரிக்குத்தான் மார்க். அதை எழுதாத ஆளுக்கு ஐந்துக்கு இரண்டு கிடைக்கும், வீட்டுக்குப் போய் சஜஸ்டட் ஆன்சரைப் பார்த்தால் "எல்லாம் எழுதினேனே" என்று தோன்றும், ஏனென்றால் அதிலும் அந்த விளக்கமெல்லாம் இருக்கும்.

எத்திக்ஸ் கேள்வியிலும் இதே கதை. சர்க்குலர் அனுப்பிக் கிளையண்ட் பிடித்த ஆடிட்டர் பற்றிய கேள்விக்கு "இது தொழில்முறைத் தவறு" என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். சி.ஏ. சட்டத்தின் எந்த அட்டவணை, எந்தப் பகுதி, எந்த உட்பிரிவு என்று வர வேண்டும், முதல் அட்டவணை முதல் பகுதி ஆறாவது உட்பிரிவு என்று. அப்புறம் அவர் செய்த எந்தக் காரியம் அந்த உட்பிரிவில் விழுகிறது, கடைசியாக அவர் குற்றவாளியா இல்லையா. தெரிந்ததை ஆபீஸில் வாயால் சொல்லும்போது நாம் இப்படி அட்டவணை, உட்பிரிவு என்று சொல்வதில்லை, அதனாலேயே வருஷக்கணக்கில் ஆடிட் செய்த பிள்ளைகள் ஆடிட் பேப்பரில் தடுமாறுகிறார்கள்.

ஆகவே நகல் வந்ததும் இதைச் செய்யுங்கள். சஜஸ்டட் ஆன்சரை ஒரு பக்கம், உங்கள் தாளை ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு விடையிலும் மூன்றை மட்டும் தேடுங்கள்: விதி எங்கே, கேள்வியில் இருக்கிற ஆளும் சம்பவமும் எங்கே, முடிவு எங்கே. எது இல்லையோ அதை ஓரத்தில் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். உங்களுக்காக வாதாடும் வக்கீலாக உட்காராதீர்கள், அடுத்து நூறு தாள் காத்திருக்கிற ஒருவராக உட்காருங்கள். கேள்வி எண் தவறாகப் போட்டிருக்கிறீர்களா, ஒரே கேள்வியின் பாகங்களை வேறு வேறு இடத்தில் சிதற விட்டிருக்கிறீர்களா, கடைசி இரண்டு விடை அவசரத்தில் நாலு வரியில் முடிந்திருக்கிறதா, இதையும் பாருங்கள். திருத்தியவர்கள் பொதுவாக என்ன குறை கண்டார்கள் என்பதையும் இன்ஸ்டிடியூட் வெளியிடுகிறது, இலவசம்தான், கேள்வி வாரியாக இருக்கும். சஜஸ்டட் ஆன்சரைப் படிக்கிற பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை.

எஃப்.ஆர். 41 பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. போன முறை 58 வாங்கியிருக்கிறீர்கள், விஷயம் தெரிந்திருக்கிறது. ஆடிட் பயத்தில் எஃப்.ஆருக்கு நேரம் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். நகலில் வொர்க்கிங் நோட்ஸ், அதாவது கணக்குப் போட்ட வழி, தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, நோட் இல்லாமல் விடை மட்டும் தப்பாக இருந்தால் மொத்தமும் போகும்.

இப்போது கணக்கு. இதை நீங்கள் கவனித்ததாகவே தெரியவில்லை, மூன்று மார்க் போன துக்கத்தில் 62ஐ மறந்துவிட்டீர்கள். 60க்கு மேல் வாங்கியதால் ஏ.எஃப்.எம்.முக்கு அடுத்த மூன்று பரீட்சைகளுக்கு எக்ஸெம்ப்ஷன், அதைத் திரும்ப எழுத வேண்டாம். அந்த 62 அப்படியே மொத்தத்தில் சேரும். மொத்தம் 150 வேண்டும், மீதி 88, இரண்டு பேப்பரில், ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையாமல். சராசரி 44! இதே ஆடிட் 44ஐ நீங்கள் திரும்ப வாங்கி எஃப்.ஆரிலும் 44ஐத் தொட்டாலே முடிந்தது. ஐந்து தடவையில் இவ்வளவு கிட்டத்தில் நீங்கள் வந்ததில்லை.

ஆனால் அந்த மூன்று பரீட்சை என்பது முன்பு ஒன்றரை வருஷம். 2025 முதல் ஃபைனலும் வருஷத்துக்கு மூன்று முறை என்று ஆனதால் இப்போது அது சுமார் ஒரு வருஷம்தான், சீக்கிரம் கரைந்துவிடும். அதற்குப் பிறகும் அந்தப் பேப்பரை நிரந்தர விலக்காக வைத்துக்கொள்ள புதுத் திட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அப்போது மீதி ஒவ்வொரு பேப்பரிலும் 50 வாங்க வேண்டும். உங்களுக்கு இன்றைக்கு இருக்கிற 44 சராசரி சலுகை அப்போது இருக்காது. அதனால் எத்தனை தடவை இன்னும் எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில், இந்த மூன்று. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அந்த மூன்றுக்குப் பிறகு, அதுவரை வந்த தாள்களைப் பார்த்து அப்போது உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

படிப்பில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். புது கிளாஸ் வாங்காதீர்கள். ஃபாஸ்ட் டிராக், கிராஷ் கோர்ஸ் என்று உங்களிடம் ஏற்கெனவே இரண்டு செட் வீடியோ இருக்கும் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் புதிதாகத் தெரியப்போவதில்லை. கையால் எழுதுங்கள். மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) பேப்பரை மத்தியானம் இரண்டு மணிக்கு, பரீட்சை நேரத்திலேயே, மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுசாக எழுதி, பாஸ் ஆன யாரிடமாவது கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். கறாரான ஆளாக இருக்கட்டும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.க்யூ. கேள்விகளுக்கு 30 மார்க் இருக்கிறது, நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள். ஆடிட்டில் 40ஐ ஒட்டியே நிற்கிறவருக்கு அதில் இரண்டு கேள்வி கூடச் சரியானால் நாலு மார்க்.

வேலை விஷயம். முழு நேரமும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், முக்கியமாக அந்த ராத்திரி நினைப்பு வருகிறது என்று எழுதியிருப்பதால். ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, ஒரு குரூப் கையில் இருக்கிற ஆளுக்குக் கரூரிலேயே டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களிலும் ஆடிட் ஆபீஸ்களிலும் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். வேலை கிடைக்கும். அரை நாள் வேலையாகக் கேளுங்கள், பரீட்சைக்கு முன்னால் ஒன்றரை மாதம் லீவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தொகை கையில் வந்தால் அப்பா முகத்தைப் பார்ப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

அப்பாவிடம் மார்க் ஷீட்டைக் காட்டுங்கள். ஃபெயில் என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக் கேட்டு அவருக்கும் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருக்கும். கடை நடத்துகிறவருக்குக் கணக்குப் புரியும். 62 கையில் இருக்கிறது, இன்னும் 88 வேண்டும், மூன்று வாய்ப்பு, ஒரு வருஷம் என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

முதலில் 14416, அப்புறம் நகலுக்கு விண்ணப்பம். மெயிலில் நகல் வந்ததும் நீங்கள் சிவப்புப் பேனாவில் குறித்த பிறகு ஆடிட் தாளை எனக்கும் அனுப்புங்கள், குறிக்காமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.